குழந்தையின் கார் சீட்டைச் சரியாகப் பொருத்த யாரிடம் கேட்பது? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

எங்கள் மூத்தவள் பிறப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை காலையில், அவளுடைய கார் சீட்டை நானே பொருத்தினேன். சீட்டோடு வரும் லேட்ச் கொக்கிகளைக் கார் இருக்கையின் இடுக்கில் உள்ள கம்பிகளில் மாட்டினேன். அதற்கு மேல் காரின் சீட் பெல்ட்டையும் அதே வழியாக நுழைத்துப் பூட்டினேன். ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் பலம்தானே என்று நினைத்தேன். சீட்டை விற்ற கடையில் இருந்தவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். அலுவலக நண்பர் வந்து பார்த்து, தன் பிள்ளைக்கும் இப்படித்தான் போட்டதாகச் சொன்னார்.

அடுத்த புதன்கிழமை ஒரு தீயணைப்பு நிலையத்தில், ஒரு பெண்மணி அந்த சீட்டில் பெல்ட் செல்லும் இடத்தைப் பிடித்து இடமும் வலமுமாக அசைத்தார். இரண்டு அங்குலத்துக்கு மேல் நகர்ந்தது. பிறகு சீட்டோடு வந்த கையேட்டைக் கேட்டு வாங்கி, ஒரு பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். லேட்ச், சீட் பெல்ட் இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. தயாரித்தவர்கள் இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் விற்கிறார்கள். சேர்த்துப் பூட்டினால் மோதலின்போது விசை எந்த வழியில் பாயும் என்பதை அவர்கள் சோதித்திருக்க மாட்டார்கள். சேர்த்துப் பூட்டலாம் என்று சொல்லும் சீட்டுகளும் சில உண்டு, ஆனால் அதையும் அந்தந்தக் கையேடுதான் சொல்ல வேண்டும்.

எனக்கு ஆலோசனை சொன்ன எல்லாரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூடக் கையேட்டைத் திறக்கவில்லை. அன்று முதல் எனக்கு ஒரே அளவுகோல்தான்: கையேட்டைத் திறந்து காட்டிப் பேசுகிறவர் சொல்வதைக் கேட்பேன், மற்றவர் சொல்வதைச் சரிபார்த்த பிறகே ஏற்பேன். அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான என்.எச்.டி.எஸ்.ஏ.யின் கணக்குப்படி, இந்த நாட்டில் 46 சதவீதக் கார் சீட்டுகள் ஏதோ ஒரு வகையில் தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன. ஆகவே உங்கள் நண்பர் சரியாகப் பொருத்தியிருப்பார் என்று நம்புவது, காசைச் சுண்டிப் பார்ப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம்.

யார் முறையாகக் கற்றவர்

இந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குழந்தைப் பயணப் பாதுகாப்பு டெக்னீஷியன் என்பார்கள், சுருக்கமாக சி.பி.எஸ்.டி. சான்றிதழ் தருவது சேஃப் கிட்ஸ் வேர்ல்ட்வைட் என்ற அமைப்பு. சில நாள் வகுப்பு, செய்முறைத் தேர்வு, பொதுமக்களின் கார்களில் நேரடியாகச் செய்து காட்டுதல் என எல்லாம் முடித்தால்தான் சான்றிதழ். அது இரண்டு ஆண்டுக்கே செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். இந்தச் சான்றிதழ் உள்ளவரா என்று சேஃப் கிட்ஸின் தளத்தில் பெயரைப் போட்டே பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் தவறாக எண்ணுவது இங்கேதான். தீயணைப்பு வீரர், போலீஸ்காரர், மருத்துவமனை நர்ஸ், குழந்தை மருத்துவர் ஆகியோருக்கு இது தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். சீருடை அணிந்திருப்பதால் ஒருவருக்கு இந்தப் பயிற்சி வந்துவிடாது. எல்லாத் தீயணைப்பு நிலையங்களிலும் டெக்னீஷியன் இருப்பதில்லை. இருக்கும் நிலையத்திலும் அவர் அன்று பணியில் இருக்க வேண்டும். பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நாளில் மருத்துவமனையில் கார் சீட் இருக்கிறதா என்று கேட்பார்கள், குழந்தையை அதில் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். அதைக் காரில் பொருத்தித் தருவது பொதுவாக அவர்கள் வேலை அல்ல. அந்த வாசலில் நின்றுகொண்டு கையேட்டைப் புரட்டும் நிலை உங்களுக்கு வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்த குழந்தை என்றால் கதை வேறு. சாய்ந்த நிலையில் மூச்சும் இதயத் துடிப்பும் சீராக இருக்கின்றனவா என்று மருத்துவமனையிலேயே கார் சீட்டில் வைத்துக் கண்காணிப்பது வழக்கம். அதற்கு உங்கள் சொந்த சீட்டையே கொண்டுவரச் சொல்வார்கள். முன்பே வாங்கி வைத்திருங்கள்.

நேரம் வாங்குவது

பிரசவத் தேதிக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்திலும் சேஃப் கிட்ஸ் தளத்திலும் உங்கள் ஜிப் குறியீட்டைக் கொடுத்தால் பக்கத்தில் உள்ள பரிசோதனை நிலையங்கள் வரும். தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். சான்றிதழ் பெற்ற டெக்னீஷியன் இருக்கிறாரா? முன்பதிவு வேண்டுமா? கட்டணம் உண்டா? பெரும்பாலான இடங்களில் இது இலவசம். செப்டம்பர் மாதத்தில் குழந்தைப் பயணப் பாதுகாப்பு வாரம் வரும், அதன் சனிக்கிழமையன்று பல ஊர்களில் முகாம் போடுவார்கள். ஆனால் முகாமில் கூட்டம் இருக்கும். முதல் குழந்தைக்கு முன்பதிவு செய்த நேரமே நல்லது என்பது என் கருத்து. அவசரமில்லாமல் கேட்கலாம். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் வீடியோ அழைப்பில் சரிபார்த்துச் சொல்லும் டெக்னீஷியன்களும் உண்டு.

சீட் வாங்கவே கையில் பணம் இல்லை என்றால் கூச்சப்படாமல் அதையும் அந்த அழைப்பிலேயே சொல்லுங்கள். பல மாவட்டச் சுகாதாரத் துறைகளும் மருத்துவமனைகளும் குறைந்த விலையில், சில இடங்களில் இலவசமாகவே, சீட் தருகின்றன. விலை கூடிய சீட்தான் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இங்கே விற்கும் ஒவ்வொரு சீட்டும் ஒரே மத்திய அரசு விதியின் சோதனையில் தேறியாக வேண்டும், மணிக்கு 48 கிலோமீட்டர் வேக மோதல் சோதனை உட்பட. உங்கள் குழந்தைக்கும் உங்கள் காருக்கும் பொருந்துகிற, தினமும் சரியாகப் போட உங்களால் முடிகிற சீட்தான் நல்ல சீட்.

போவதற்கு முன் வீட்டில்

இரண்டு கையேடுகளை எடுத்து வையுங்கள்: சீட்டினுடையது, காரினுடையது. காரின் கையேட்டை நாம் யாரும் படிப்பதில்லை. குழந்தை இருக்கைகள் பற்றிய பகுதி அதில் தனியாக இருக்கும். எந்த இருக்கையில் லேட்ச் கம்பி உண்டு, நடு இருக்கையில் உண்டா இல்லையா, சீட்டின் உச்சியிலிருந்து வரும் டெதர் பட்டையை மாட்டும் வளையம் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். நடு இருக்கைதான் எப்போதும் நல்லது என்று பலர் சொல்வார்கள். உங்கள் காரின் நடு இருக்கையில் சீட் இறுக்கமாக உட்காரவில்லை என்றால், இறுக்கமாக உட்காரும் ஓரத்து இருக்கைதான் சரி.

அடுத்து, சீட்டின் பக்கவாட்டிலோ அடியிலோ உள்ள லேபிளைப் பாருங்கள். தயாரித்த நாள், காலாவதி நாள், மாடல் எண், எடை உயர வரம்பு எல்லாம் அதில் இருக்கும். எடை பவுண்டில் இருக்கும், ஒரு பவுண்டு ஏறத்தாழ 450 கிராம். பெட்டிக்குள் ஒரு பதிவு அட்டை வரும். பெரும்பாலானோர் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். தயவு செய்து நிரப்பி அனுப்புங்கள், அல்லது இணையத்தில் பதியுங்கள். குறை கண்டுபிடித்து அந்த மாடலைத் திரும்பப் பெற நேர்ந்தால், நிறுவனம் உங்களுக்குத் தெரிவிக்க அது ஒன்றுதான் நிச்சயமான வழி.

நம்மவர்களிடையே குழந்தைப் பொருட்கள் கைமாறுவது அழகான பழக்கம். தொட்டில், துணி, பொம்மை எதுவானாலும் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளுங்கள். கார் சீட் மட்டும் வேறு. அது எந்த விபத்திலும் சிக்கியதில்லை என்று கொடுப்பவர் தம் வாயால் உறுதி சொல்ல வேண்டும். காலாவதி ஆகியிருக்கக் கூடாது, எந்தப் பாகமும் குறையக் கூடாது, கையேடு இருக்க வேண்டும். முன்பின் தெரியாதவர் விற்கும் பழைய சீட்டுக்கு இந்த உறுதி கிடைக்காது. அதை நான் வாங்க மாட்டேன்.

பிறகு, தவறானாலும் பரவாயில்லை, ஒருமுறை நீங்களே பொருத்திப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போனால் கேள்விகள் தானாக வரும்.

அங்கே என்ன நடக்கும்

நல்ல டெக்னீஷியன் உங்கள் சீட்டைத் தாமே மாட்டிக் கொடுத்து அனுப்ப மாட்டார். நீங்கள் மாட்டியதைப் பார்ப்பார், எடுத்துவிடச் சொல்வார், உங்கள் கையாலேயே மீண்டும் மாட்ட வைப்பார். அந்தப் பெண்மணி என்னை மூன்று முறை கழற்றி மாட்ட வைத்தார். இரண்டாவது முறைக்குப் பிறகு என் மனைவியையும் காருக்குள் அழைத்து அவளையும் செய்ய வைத்தார். எங்களுக்கு அப்போது வியர்த்துப் போயிற்று. ஆனால் அதன் பிறகு வாடகைக் காரானாலும் நண்பர் காரானாலும் யாரையும் கூப்பிடாமல் எங்களால் செய்ய முடிந்தது. ஆகவே, பத்து நிமிடத்தில் அவரே பொருத்திவிட்டு, "சரியாகிவிட்டது, போகலாம்" என்று யாராவது சொன்னால், கழற்றி நீங்கள் ஒருமுறை மாட்டிக் காட்ட அனுமதி கேளுங்கள்.

அவர் பார்ப்பதில் முதலாவது இறுக்கம். சீட் பெல்ட்டில் பொருத்துவதானால், 1996 மாடலுக்குப் பின் வந்த கார்களில் பெரும்பாலும் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துவிட்டு மெதுவாக உள்ளே விட்டால் கடகடவென்று சத்தம் கேட்கும். அதன் பிறகு பெல்ட் உள்ளே மட்டும்தான் போகும், வெளியே வராது. இந்தப் பூட்டு விழாமல் இழுத்து மாட்டியிருந்தால் பார்ப்பதற்கு இறுக்கமாகத் தெரியும், இரண்டு நாளில் தளர்ந்துவிடும். லேட்ச் என்பது இருக்கையின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் உள்ள இரும்புக் கம்பிகளில் மாட்டுவது. 2002 செப்டம்பருக்குப் பிறகு கார்களில் அது கட்டாயம். இரண்டில் எது சிறந்தது என்று கேட்பார்கள். சரியாகப் போட்டால் இரண்டும் ஒன்றே. ஆனால் லேட்ச்சுக்கு எடை வரம்பு உண்டு. பொதுவாகக் குழந்தையும் சீட்டும் சேர்ந்து 65 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 29 கிலோவுக்கு, மேல் போகக் கூடாது. பிள்ளை வளர்ந்ததும் சீட் பெல்ட்டுக்கு மாற வேண்டியிருப்பதால், தொடக்கத்திலேயே இரண்டு முறையையும் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

இறுக்கத்தைச் சோதிக்க, பழக்கமில்லாத கையால், கை குலுக்கும் அளவு விசையில், பெல்ட் செல்லும் இடத்தில் மட்டும் பிடித்து அசைக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்குள் நகர்ந்தால் சரி. சீட்டின் தலைப்பகுதியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு ஆடுகிறதே என்று பயப்படுபவர்கள் உண்டு. குழந்தை காரின் பின்பக்கம் பார்த்து உட்காரும் பின்னோக்கிய சீட்டின் அந்தப் பகுதி ஆடத்தான் செய்யும்.

இரண்டாவது சாய்வு. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. சீட் நிமிர்ந்திருந்தால் தலை முன்னால் தொங்கி மூச்சுக்குழல் மடங்கும். அதனால்தான் சீட்டின் பக்கத்தில் ஒரு கோடோ நீர்மட்டக் குமிழோ வைத்திருக்கிறார்கள். கார் சமதளத்தில் நிற்கும்போதுதான் அதைப் பார்க்க வேண்டும். சரிவான முற்றத்தில் பார்த்த அளவு பயன்படாது.

மூன்றாவது குழந்தையைக் கட்டும் வார்கள். பின்னோக்கி உட்காரும்போது வார் குழந்தையின் தோள் மட்டத்திலோ அதற்குக் கீழோ உள்ள துளையிலிருந்து வர வேண்டும். முன்னோக்கி என்றால் தோள் மட்டத்திலோ மேலேயோ. தோளெலும்புக்கு அருகே வாரைக் கிள்ளிப் பாருங்கள், விரலுக்குள் மடிப்பு சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். மார்புக் கிளிப் அக்குள் மட்டத்தில் இருக்க வேண்டும். வயிற்றில் இறங்கிக் கிடக்கும் கிளிப்தான் நான் மற்ற கார்களில் அதிகம் பார்க்கும் தவறு.

பிள்ளை இன்னும் பிறக்கவில்லை என்றால் இந்தப் பகுதியைப் பொம்மை வைத்துக் காட்டுவார்கள். பிறந்த பிறகு இன்னொரு முறை போய்க் காட்டுவது நல்லது.

சந்தேகம் வரும் ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "இது கையேட்டில் எங்கே இருக்கிறது?" என்பதுதான். இதைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. பயிற்சி பெற்றவர்கள் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கிறார்கள். உங்கள் ஆங்கிலம் தடுமாறுமானால், மொழி தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், அல்லது அவர் சொல்லும்போது அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு வீட்டில் பொறுமையாகப் படியுங்கள். முழுதும் புரியாமல் தலையாட்டிவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பின் வரும் ஆலோசனைகள்

பிரசவத்துக்கு உதவியாக ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருப்பார்கள். எங்கள் அம்மா முதல் பயணத்திலேயே, "பச்சைப் பிள்ளையை இப்படி இறுக்கிக் கட்டலாமா? என் மடியில் கொடு, நான் பத்திரமாகப் பிடித்துக்கொள்கிறேன்" என்றார். அந்தப் பாசத்தோடு சண்டை போட முடியாது. நான் ஒரு கணக்கைச் சொன்னேன். மணிக்கு 48 கிலோமீட்டரில் போகும் கார் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், நான்கு கிலோ குழந்தை 50 கிலோவுக்கு மேலான பாரமாகக் கையிலிருந்து பிய்த்துக்கொள்ளும். ஒரு மூட்டை அரிசியை ஓடும் வேகத்தில் கையில் பிடித்து நிறுத்த முடியுமா என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை, ஆனால் அதன் பிறகு வாரை இறுக்கியதும் கிள்ளிப் பார்ப்பவர் அவர்தான்.

அடுத்த பேச்சு, "எவ்வளவு நாள் பின்னால் பார்த்தே உட்காருவது? கால் மடங்கிக் கிடக்கிறதே" என்பது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011இல் இரண்டு வயது வரை என்று சொன்னது. 2018இல் வயதை எடுத்துவிட்டு, சீட்டின் எடை உயர வரம்பு அனுமதிக்கும் வரை பின்னோக்கியே இருக்கட்டும் என்றது. குழந்தையின் தலை உடலோடு ஒப்பிட்டால் மிகப் பெரிது, கழுத்தெலும்புகள் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. முன்னால் மோதும்போது பின்னோக்கிய சீட் தலை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் ஒன்றாகத் தாங்கிக்கொள்கிறது. கால் மடங்குவதால் பிள்ளைக்கு வலிப்பதில்லை. சம்மணம் போட்டு உட்காருவது நமக்குத் தெரியாததா? மாநிலச் சட்டம் இதைவிடக் குறைந்த வயதில் திருப்ப அனுமதிக்கலாம். சட்டம் சொல்வது குறைந்தபட்ச அளவு.

உடை விஷயத்தைக் கவனியுங்கள். பனிக்காலத்தில் பஞ்சு வைத்த தடித்த கோட்டோடு வாரைப் பூட்டினால் இறுகியதுபோல் இருக்கும். மோதலில் பஞ்சு நசுங்கி வார் தளர்ந்துவிடும். மெல்லிய உடையில் கட்டிவிட்டு மேலே போர்வை போடுங்கள். கோயிலுக்குப் போகும்போது பட்டுப் பாவாடைக்கும் இதே விதிதான். கொசுவம் நிறைந்த பாவாடை தொடையிடையே பக்கிள் விழ விடாது. நாங்கள் பருத்திச் சட்டையில் கூட்டிப்போய்க் கோயில் வாகன நிறுத்தத்தில் பாவாடை மாற்றுகிறோம். துணியில் சுற்றிய நிலையிலும் குழந்தையை சீட்டில் வைக்க முடியாது, கால் இரண்டும் பிரிந்து நடுவே வார் வர வேண்டும். தனியாக விற்கும் தலையணை, வார் உறை, மெத்தை எதையும் சேர்க்காதீர்கள். சீட்டோடு வந்ததும் சீட் நிறுவனம் அனுமதித்ததும் மட்டும் போதும்.

மறுபடியும் எப்போது கேட்க வேண்டும்

சீட் மாறும்போது, கார் மாறும்போது, பிள்ளை முன்னோக்கித் திரும்பும்போது. முன்னோக்கியதும் சீட்டின் உச்சியிலிருந்து வரும் டெதர் பட்டையைக் காரின் வளையத்தில் மாட்ட வேண்டும். தலை முன்னே பாயும் தூரத்தை அது குறைக்கிறது. பெரிய வண்டிகளில் சாமான் கட்டும் கொக்கிகளும் பக்கத்திலேயே இருப்பதால், எது டெதர் வளையம் என்று காரின் கையேட்டில் பார்த்து மாட்டுங்கள்.

விபத்து நடந்தால் சிறியதுதானே என்று விட்டுவிடாதீர்கள். காரை ஓட்டிச் செல்ல முடிந்தது, சீட்டுக்கு அருகிலுள்ள கதவு சேதமாகவில்லை, யாருக்கும் காயமில்லை, ஏர்பேக் வெடிக்கவில்லை, சீட்டில் கண்ணுக்குத் தெரியும் பழுது இல்லை: இந்த ஐந்தும் இருந்தால் மட்டுமே என்.எச்.டி.எஸ்.ஏ. அதைச் சிறு விபத்து என்கிறது. சில நிறுவனங்கள் எந்த விபத்தானாலும் மாற்றச் சொல்கின்றன. அவர்கள் கையேடு சொல்வதுதான் முடிவு. காப்பீட்டு நிறுவனத்திடம் புதிய சீட்டின் விலையைக் கேளுங்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதும் சீட்டை எடுத்துப் போங்கள். விமானத்தில் பயன்படுத்தலாமா என்பது சீட்டின் லேபிளில் சிவப்பு எழுத்தில் இருக்கும். இந்தியாவிலும் 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. ஆனால் அங்கே பல கார்களில், நான் மேலே சொன்ன கடகடவென்று பூட்டிக்கொள்ளும் வசதி பெல்ட்டில் இருக்காது. பெல்ட்டைப் பிடித்து நிறுத்தும் பூட்டு சீட்டிலேயே இருக்கிறதா, இல்லையென்றால் தனிக் கிளிப் தருகிறார்களா என்று கையேட்டில் பாருங்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன் மறுபடியும் டெக்னீஷியனிடம் நேரம் வாங்குங்கள். வாங்கும்போதே "பெல்ட் பூட்டாத காரில் மாட்டக் கற்க வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். கற்றுக்கொள்ளும்போது யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஊரில் மாமாவின் காரில் மாட்டும்போது அது கையில் இருக்கட்டும்.